ஏபிடி – சொல் விளக்கம்

இணையப் பாதுகாப்புச் செய்திகளில் அடிபடும் 'ஏபிடி', 'அட்வான்ஸ்டு பெர்சிஸ்டென்ட் த்ரெட்' என்பதன் சுருக்கம். பெரும்பாலும் ஓர் அரசின் ஆதரவோடு, குறிவைத்த கணினி வலையமைப்புக்குள் புகுந்து, மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் தகவல் திருடும் குழுவுக்கு இந்தப் பெயர்.

2006 வாக்கில் அமெரிக்க விமானப்படையில் பிறந்த சொல் இது. ஊடுருவுவது யார் என்பது அங்கே ரகசியம். ஆனால் அதே ஆட்களைப் பற்றி வெளியில் இருப்பவர்களோடும் பேசியாக வேண்டும். ஊர்ப்பேச்சில் 'அந்த வீட்டுக்காரர்' என்று சாடையாகச் சொல்வோமே, அப்படி ஒரு பெயர் தேவைப்பட்டது.

2013 பிப்ரவரியில் சாடை உடைந்தது. மாண்டியன்ட் என்ற அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம், தான் 'ஏபிடி1' என்று எண்ணிட்டிருந்த குழு, ஷாங்காயில் 12 மாடிக் கட்டடத்தில் இயங்கும் சீன ராணுவத்தின் 61398-ஆம் பிரிவுதான் என்று அறிக்கை வெளியிட்டது. 141 நிறுவனங்களில் கைவைத்த அந்தக் குழு, ஓரிடத்தில் 1,764 நாட்கள் உள்ளேயே இருந்திருக்கிறது. 'பெர்சிஸ்டென்ட்' என்றால் என்ன என்பதற்கு வேறு உரை வேண்டாம். சீனா மறுத்தது. மறு ஆண்டே அப்பிரிவின் அதிகாரிகள் 5 பேர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது.

சரி, தமிழில்? 'மேம்பட்ட நிலையான அச்சுறுத்தல்' என்று எழுதுகிறார்கள். 'நிலையான' என்றதும் வைப்புநிதிதான் நினைவுக்கு வருகிறது. 'மேம்பட்ட' என்பதும் கொஞ்சம் அதிகம்தான்: ஏபிடி1 பெரும்பாலும் நுழைந்தது, தெரிந்தவர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, அதிலுள்ள கோப்பைத் திறக்கவைத்து. 'த்ரெட்' இங்கே மிரட்டல் அல்ல, ஆள். எனவே செயலுக்கு 'விடாப்பிடி ஊடுருவல்', ஆட்களுக்கு 'விடாப்பிடி ஊடுருவல் குழு' என்பது என் பரிந்துரை.

'அரசுசார்' என்ற அடைமொழியை மட்டும் சான்று இருந்தால் சேர்க்கலாம். 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கணினி ஊடுருவல் என்று செய்தி வந்தபோது நிலையத் தரப்பு முதலில் மறுத்தது; மறுநாள் இந்திய அணுமின் கழகம், இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் (மால்வேர்) இருந்ததை ஒப்புக்கொண்டது. அது டிட்ராக் வகை என்றும், வட கொரியாவின் லாசரஸ் என்ற ஊடுருவல் குழுவோடு தொடர்புடையது என்றும் ஆய்வாளர்கள் சொன்னார்கள். கழகத்தின் அறிக்கையிலோ எந்த நாட்டின் பெயரும் இல்லை. இத்தகைய செய்திக்கு வெறும் 'ஊடுருவல்' போதும்.