கிராண்ட் கேன்யனில் தண்ணீர் மட்டும் போதுமா?

ஜூலையில் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இறங்கப்போகும் வாசகர் ஒருவர், எத்தனை லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று கேட்கிறார். உப்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. என் கவலை அதுதான்.

தெற்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆறு வரை சுமார் 1,300 மீட்டர் இறக்கம். இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி. மேலே 28 டிகிரி என்றால் கீழே நிழலிலேயே 40ஐத் தொட்டுவிடும். மலையேற்றத்துக்கு நேர்மாறாக, களைத்த பிறகுதான் இங்கே ஏற்றம். இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு பிடிக்கும்.

வறண்ட காற்றில் வியர்வை சுரந்ததுமே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவில்லை என்றே தோன்றும். தொப்பி நாடாவில் பூத்திருக்கும் வெள்ளைக் கோட்டைத் தொட்டு நாக்கில் வையுங்கள், கரிக்கும்.

இனிமேல்தான் என்னை எப்போதும் பிரமிக்க வைக்கும் விஷயம். கடும் உழைப்பின்போது மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரந்து, "தண்ணீரை விடாதே" என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. வறட்சியில் உயிர் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் அந்த நேரத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் அது வெளியேற வழியில்லை. உப்பின் அங்கமான சோடியம் இரத்தத்தில் நீர்த்துப்போகிறது. இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அது சரியும்போது, உப்பு செறிந்த பக்கம் தேடித் தண்ணீர் செல்களுக்குள் புகும். ஊறவைத்த உலர்திராட்சை போல அவை வீங்கும். கைவிரல் வீங்கி மோதிரம் இறுகும். விரலுக்கு வீங்க இடமுண்டு. மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு ஏது இடம்? தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு.

"குடிக்கக் குடிக்க நல்லது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரை இங்கே ஆளைக் கொல்லும். தாகத்துக்குக் குடியுங்கள், கூடவே முறுக்கோ உப்புக்கடலையோ கொறித்துக்கொண்டே இருங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலில் நடக்காதீர்கள். ஓடை கண்ட இடத்தில் சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையின் வேலையை அந்த ஈரம் செய்யும். கோடையில் ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்பும் திட்டமே வேண்டாம்.

உடன் வந்தவர் தலைவலி, குமட்டல் என்று உட்கார்ந்தால் வெயில் சோர்வா, சோடியம் குறைவா என்று பார்த்தவுடன் தெரியாது. என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார் என்று கேளுங்கள். ஒன்றும் தின்னாமல் லிட்டர் கணக்கில் குடித்திருந்தால் மேலும் தண்ணீர் நீட்டாதீர்கள். நிழலில் உட்காரவைத்து உப்பிட்ட தின்பண்டம் கொடுங்கள். பேச்சு குழறினால் உடனே ரேஞ்சருக்கு (பூங்காக் காவலருக்கு) ஆளனுப்புங்கள்.