வெயில் இலவசம், வட்டி இலவசமல்ல

நிலக்கரி மின் நிலையத்துக்கு இயங்கும் நாளெல்லாம் தீனி போட வேண்டும். சூரிய மின் நிலையத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஏறக்குறைய மொத்தச் செலவையும் தொடக்கத்திலேயே கொட்டியாக வேண்டும். அதில் பெரும்பகுதி கடன். எனவே அங்கே எரிபொருள் விலைக்குச் சமமானது வட்டிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 டாலர் கடனை 25 ஆண்டுகளில் சமத் தவணைகளாக அடைக்க வேண்டும். வட்டி 4 சதவீதம் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 6.40 டாலர். 12 சதவீதம் என்றால் 12.75. அதே பேனல், அதே வெயில். மின்சாரத்தின் அடக்கவிலை மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பு. கொடுமை என்னவென்றால், வெயில் கொட்டிக் கிடக்கும் ஏழை நாடுகளுக்குத்தான் வட்டியும் கூடுதல். நாணய மதிப்பு சரியலாம், ஆட்சி மாறலாம், மின்சாரம் வாங்குபவர் பணத்தை இழுத்தடிக்கலாம். கடன் கொடுப்பவர் ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு விலை வைக்கிறார்.

காலநிலை நிதி, அதாவது காலநிலை மாற்றத்தைக் குறைக்கவும் சமாளிக்கவும் ஏழை நாடுகளுக்குத் திரட்டித் தரும் பணம், கை கொடுக்க வேண்டிய இடம் இது. உலக வங்கி போன்றவை சலுகை வட்டியில் கடன் தரும். சில நேரம் பணமே தராமல், 'நட்டம் வந்தால் முதல் அடி எங்களுக்கு' என்று உத்தரவாதம் மட்டும் கொடுக்கும். பயம் குறைந்தால் தனியார் வங்கியின் வட்டியும் இறங்கும்.

இந்த வித்தை வருமானம் வரும் இடத்தில்தான் பலிக்கும். கடல் அரிப்பைத் தடுக்கும் சுவரோ புயல் எச்சரிக்கை அமைப்போ யாருக்கும் பில் அனுப்புவதில்லை. அவற்றின் லாபம், நடக்காமல் போன சேதம். அதைக் காட்டித் தவணை கட்ட முடியாது என்பதால் இங்கே திருப்பித் தர வேண்டாத மானியம்தான் சரி.

நடப்பது வேறு. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் காலநிலை நிதி திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் வளரும் நாடுகளுக்கு வாக்குக் கொடுத்தன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் கணக்குப்படி, அது 2022-இல்தான் நிறைவேறியது: 11,590 கோடி. அதில் பாதிப்புகளைச் சமாளிக்கும் தகவமைப்புப் பணிகளுக்குப் போனது 3,240 கோடி. அரசுகள் வழியாக வந்த பணத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் கடன். அசலும் வட்டியுமாகத் திரும்பப்போகும் தொகையை அப்படியே 'கொடுத்த' கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. சலுகைக் கடனே ஆனாலும் கடன் கடன்தானே!

காலநிலை மாற்றத்தால் நடந்து முடிந்த சேதத்துக்கென்று தனி நிதியம் அமைக்க 2022-இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2024-இல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாட்டில் அந்த 10,000 கோடி இலக்கு உயர்ந்தது: 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். அரசுப் பணம், தனியார் பணம் எல்லாம் அதில் சேர்த்தி. எத்தனை பங்கு மானியமாக இருக்க வேண்டும் என்று அந்த முடிவில் எழுதப்படவில்லை.