‘எமிஸ்ல இன்னும் விடலையே’ என்று பள்ளியில் சொன்னால்

ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டிய பையன் ஒன்பது நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். வருகைப் பதிவில் அவன் பெயர் இல்லை. முன்பு படித்த தனியார் பள்ளியில் பதினெட்டாயிரம் ரூபாய் பாக்கி. அதைக் கட்டினால்தான் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) தருவோம், எமிஸில் இருந்தும் பெயரை விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். "பையனைச் சேர்க்க மாட்டேன்னு சொல்லலம்மா, சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது" என்றார். அந்த அம்மாவின் மஞ்சப்பையில் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு நகல், பழைய ரேங்க் கார்டு எல்லாம் இருந்தன. இல்லாதது ஒரே ஒரு கிளிக். அதைத் தட்ட வேண்டியவர் ஆறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளியின் ஆபீஸ் ரூமில் இருந்தார்.

எமிஸ் என்பது தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடு. அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு எண் உண்டு. பள்ளி மாறினால் பழைய பள்ளி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்பில் விட வேண்டும். ஆசிரியர்கள் இதை ‘காமன் பூல்’ என்பார்கள். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் விடும் பொத்தான் பழைய பள்ளியின் கையில் இருப்பதால், கட்டணப் பாக்கி வசூலிக்க அது நல்ல பிடியாகிவிட்டது. முன்பு டி.சி.யைப் பூட்டி வைத்தார்கள். இப்போது பூட்டு கணினிக்குள் போய்விட்டது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5: டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது. டி.சி. தராமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மீது நடவடிக்கை எடுக்கவும் அதே பிரிவில் இடம் உண்டு. வயதுச் சான்று இல்லை என்று மறுப்பதும் முடியாது; அது பிரிவு 14. ஆனால் ஒன்று: இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான். பிரிவு 5 உங்களுக்குக் கைகொடுப்பதும் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போதுதான். ஒன்பதாம் வகுப்போ அதற்கு மேலோ என்றால் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். சேர்க்கைக்கு டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது, டி.சி.யில் கட்டணப் பாக்கி என்று எழுதக் கூடாது, இதைப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது. இதனால் பாக்கி தள்ளுபடி ஆகிவிடாது. பள்ளி அதைச் சட்டப்படி உங்களிடம் கேட்கலாம். பிள்ளையைப் பிணையாக வைத்துக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, சிஸ்டம் எடுக்கவில்லை என்கிறார்கள், என்ன செய்வது? முதலில் காகிதத்தைப் பிடியுங்கள். பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒரு நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் பெயர் எழுதி, சேர்க்கை எண்ணும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எமிஸில் பெயர் ஏறாத நாட்களில் பிள்ளை எங்கே படித்தான் என்பதற்கு பின்னால் அந்த எண்தான் சாட்சி. "ரெண்டு நாள்ல ஏத்திடுவோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

அடுத்தது, எந்த ஆபீஸ் என்பது. இங்கேதான் பாதிப் பேர் பஸ் காசைத் தொலைக்கிறார்கள். பிள்ளை இப்போது இருப்பது அரசுப் பள்ளி என்பதால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போவார்கள். அவர் வட்டார வள மையத்துக்குப் போகச் சொல்வார். அங்கே எமிஸ் பார்ப்பவர், "பழைய பள்ளி விட்டால்தான்" என்பார். மறுபடியும் பள்ளிக்கூட வாசல். 2022இலிருந்து மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கு என்றே தனி மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.) இருக்கிறார். பிடித்து வைத்திருப்பது தனியார் பள்ளி என்றால் மனு அவருக்குத்தான் போக வேண்டும், நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. டி.இ.ஓ. ஆபீஸ் என்று மட்டும் கேட்டால் ஆட்டோக்காரர் வேறு டி.இ.ஓ.விடம் இறக்கிவிடுவார். பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

மனு ஒரு பக்கம் போதும். பிள்ளையின் பெயர், எமிஸ் எண், பழைய பள்ளி, புதிய பள்ளி, டி.சி. கேட்ட தேதி, பிரிவு 5. குடும்பக் கஷ்டத்தை எழுத வேண்டாம். எழுதினால் படிப்பவர் அதைக் கட்டணச் சலுகை மனு என்று நினைத்து வேறு கட்டோடு சேர்த்து வைத்துவிடுவார். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "தபால்ல போட்டுட்டுப் போங்க, பார்த்துக்கறோம்" என்பது மனுவைத் தொலைக்கும் மிகப் பழைய வழி. கையோடு 14417க்கும் போன் போடுங்கள். அது கல்வித் துறையின் உதவி எண். புகார் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒன்று கடந்தும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். மேலே சொன்ன பையனுக்கு அங்கே மனு கொடுத்த மறுநாள் பொத்தான் தட்டப்பட்டது. ஒன்பது நாளாக அசையாத விரல், அன்றைக்கு அசைந்துவிட்டது.

அவசரத்தில் சில பள்ளிகள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: "புது எமிஸ் நம்பர் போட்டுடலாம்." ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் இருந்தால் படித்த வரலாறு இரண்டாகக் கிழிந்துவிடும். வலி இப்போது தெரியாது, கல்லூரிக்குப் போகும்போது தெரியும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதாமாதம் கிடைக்கும் ஆயிரம் ரூபாய்க்கும், மருத்துவ, பொறியியல் படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதுதான் கேள்வி. பிள்ளை அரசுப் பள்ளியில் உட்கார்ந்து படித்த வருடத்தில் எமிஸ் இன்னமும் தனியார் பள்ளிப் பெயரைக் காட்டினால், நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான்.

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை என்றால் இன்னொன்று. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. இனிஷியல் தவறாக இருந்தால் அதே தவறு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். தேர்வுக்கு முன்னால் பள்ளியில் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே போய் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் நான்கையும் பிறப்புச் சான்றிதழோடு விரல் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு இரண்டு நிமிட வேலை. சான்றிதழ் அச்சான பிறகு திருத்த அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆதாரில் ஒரு பெயர், எமிஸில் ஒரு பெயர் என்று இருந்தால் ஆசிரியரைத் திட்டாதீர்கள். பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு அவரும் போனோடுதான் உட்கார்ந்திருக்கிறார். எதைத் திருத்துவது என்று முடிவு செய்ய பிறப்புச் சான்றிதழை எடுங்கள். அதற்கு ஒத்துவராததைத்தான் மாற்ற வேண்டும். ஆதார் இல்லை என்பதற்காகப் பள்ளிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் உதவித்தொகை நேரத்தில் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், ஓ.டி.பி. உங்கள் கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க வகுப்பாசிரியர் ஓ.டி.பி. கேட்கலாம். பள்ளிக்குப் போய் அவர் எதிரில் நின்று சொல்லுங்கள். "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, நம்பரைச் சொல்லுங்க" என்று போனில் யார் கேட்டாலும், பிள்ளையின் பெயரும் வகுப்பும் சரியாகச் சொன்னால்கூட, வைத்துவிடுங்கள்.