குற்றவாளி வீட்டு ஆளாக இருந்தால், பிள்ளைக்குச் சட்டம் என்ன செய்யும்?

பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் அப்பாவாகவோ மாமாவாகவோ இருந்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் பேச்சு குடும்ப மானத்தைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. "புகார் கொடுத்தால் பிள்ளையை ஹோமில் (காப்பகத்தில்) போட்டுவிடுவார்களாம்" என்ற பயம் வேறு. அந்தப் பயத்தாலேயே வாய் திறக்காத அம்மாக்களும் பாட்டிகளும் இதைப் படிக்க வேண்டும்.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள, பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 18 வயது நிறையாத ஆண், பெண் பிள்ளைகள் எல்லோரையும் காக்கிறது. ரத்த உறவோ, திருமண வழி உறவோ, தத்தெடுத்தவரோ, ஒரே வீட்டில் வாழ்பவரோ குற்றம் செய்தால், 'உறவுக்காரர்தானே' என்று சட்டம் இரங்காது. அதைக் கூடுதல் கொடுமையாகவே பார்க்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய உறவினர் செய்யும் பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு சிறை. பாலியல் நோக்கத்தோடு தொடுவதற்கு 5 முதல் 7 ஆண்டு.

குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவி எண் 112 ஆகியவற்றில் அழைக்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்துக்கோ நேரில் போகலாம். தெரிந்த யார் வேண்டுமானாலும் சொல்லலாம்; சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பிள்ளைக்கு மட்டும் இந்த விதி கிடையாது, சொல்லாமல் இருந்ததற்காக எந்தப் பிள்ளையையும் தண்டிக்க முடியாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேலும் வழக்குப் போட முடியாது.

வாக்குமூலம் வாங்க, பிள்ளை இருக்கும் இடத்துக்கோ அது விரும்பும் இடத்துக்கோ போலீஸ் வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே வர வேண்டும். பிள்ளை நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அவசர சிகிச்சைக்குப் போனால், போலீஸ் கடிதம் கொண்டுவா என்று மருத்துவமனை கேட்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

இனி அந்த ஹோம் விஷயம். சந்தேகப்படும் ஆள் அதே வீட்டில் வாழ்பவர் என்றால், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அளவிலான அமைப்பு) முன் நிறுத்த வேண்டும். பிள்ளை வீட்டிலேயே இருக்கலாமா, வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமா என்பதைக் குழு மூன்று நாளுக்குள் முடிவு செய்யும். அப்போது பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. எனவே காக்கத் தயாராக ஒரு அம்மாவோ பாட்டியோ இருந்தால், அதைக் குழுவிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். குற்றம் செய்தவர் ஜாமீனில் திரும்பி வருவார் என்று பயமா? 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அவரை வீட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவைத் தாய் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். தற்காலிகமாகப் பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவும், அவர் வந்து பார்ப்பதைத் தடுக்கவும் அதே மனுவில் கேட்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். வீட்டைவிட்டுப் போக வேண்டியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த வழி இருப்பது பலருக்குத் தெரியாமலே போவதுதான் வேதனை.

சம்பாதிப்பவரே சிறைக்குப் போனால் சாப்பாட்டுக்கு என்ன வழி? உணவு, உடை, போக்குவரத்துச் செலவுக்கு உடனடிச் சிறப்பு நிவாரணத்தைக் குழு பரிந்துரைக்கலாம். அது ஒரு வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்டு சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம். குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கிலிருந்து விடுதலையானாலும்கூட, பிள்ளைக்குப் பாதிப்பு நேர்ந்தது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை இலவசமாக அமர்த்தித் தரும். விசாரணை முடியும்வரை கூடவே வர ஓர் ஆதரவு நபரையும் குழுவிடம் கேட்டு வாங்குங்கள்.

நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில் நடக்கும். பிள்ளை அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டியதில்லை. பெயரோ படமோ ஊடகத்தில் வரக் கூடாது.

நடுவில் சொந்தபந்தம் கூடி, "சமாதானமாகப் போய்விடலாம்" என்பார்கள். எழுதி வாங்கிய சமாதானத்தை வைத்துப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சிறு வயதில் நடந்ததை இன்று பெரியவரான பிறகு சொல்ல நினைப்பவர்களும் போக்சோ புகார் கொடுக்கலாம். கடுமையான குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. 2012 நவம்பர் 14-க்கு முன்பு நடந்தது என்றால், அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும்.