பனோரமாவில் பாதி மனிதர்கள்: பிராக்கெட்டிங்கும் கோஸ்டிங்கும்

தஞ்சைப் பெரிய கோயிலில், மாலை 5 மணியளவில், நந்தி மண்டபத்துக்கும் விமானத்துக்கும் இடையே டிரைபாட்டை நிறுத்தி முழுச்சுற்றுப் பனோரமா எடுக்க முற்படும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் சிக்கல் வெளிச்சம்தான். சூரியன் விமானத்தின் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். கிழக்கு நோக்கிய கற்பரப்பு நிழலில் இருக்கும். திருச்சுற்று மாளிகையின் உட்புறம் அதைவிட இருண்டிருக்கும். மேற்கு வானமோ கண்ணைக் கூசச் செய்யும். இவை அனைத்தும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்காததால், கேமராவைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் 2 ஸ்டாப் இடைவெளியில், அதாவது ஒவ்வொரு ஷாட்டிலும் முந்தையதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் பதியும்படி, 5 ஷாட் எடுத்து (இதுதான் பிராக்கெட்டிங்), பின்னர் கணினியில் ஒன்றாக்குகிறோம். (அங்கே டிரைபாட் வைப்பதற்கு இந்தியத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடக் கூடாது.) வெளிச்சத்துக்கான சிக்கல் இதில் தீர்ந்துவிடுகிறது, ஆனால் அந்த 5 ஷாட்டுக்கும் இடையில் மனிதர்கள் நடக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி எடுத்த ஒரு படத்தை, முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். படத்தைக் கேட்டவர்தான் அதிலிருந்த குறையைச் சுட்டிக்காட்டினார். பேத்தியின் கையைப் பிடித்தபடி ஒரு பாட்டி நடந்து வருகிறார். குழந்தையின் பாவாடைக் கரை மூன்று இடங்களில் மங்கலாகத் தெரிகிறது. பாட்டியின் சேலையினூடே தரைக் கல்லின் இணைப்புக் கோடு தெரிகிறது. கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வாழ்நாளில் ஒருமுறை அந்தக் கோயிலுக்கு வந்திருக்கக்கூடிய ஒருவரை நான் அப்படிப் பதிவு செய்துவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இது ஏன் நிகழ்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே விளங்கும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 100 இல் ஷட்டர் வேகம் 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4 விநாடி என்று போனால், இடைவெளியையும் சேர்த்து ஒரு திசையை முடிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். சாதாரணமாக நடப்பவர் அதற்குள் சுமார் 1.2 மீட்டர் நகர்ந்துவிடுவார். அவர் கேமராவிலிருந்து 5 மீட்டர் தொலைவில் குறுக்காக நடந்தால், அது 13 டிகிரிக்கும் மேல். 12,000 பிக்சல் அகலமுள்ள முழுச்சுற்றுப் படத்தில் சுமார் 450 பிக்சல். அவர் நின்ற இடத்தில் ஒரு ஷாட்டில் சேலையும் மற்ற நான்கில் தரையும் இருப்பதால், அனைத்தையும் கலக்கும் மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் குழைத்து, ஊடுருவித் தெரியும் ஓர் உருவத்தைத் தருகிறது. இதைத்தான் கோஸ்டிங் என்கிறோம்.

இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு குறை உண்டு. அசையாத தூணின் விளிம்போ படிக்கட்டோ இரட்டையாகத் தெரிந்தால் அது கோஸ்டிங் அன்று. டிரைபாட்டின் மேல் கேமராவைத் திருப்ப உதவும் பனோரமா ஹெட்டில், லென்ஸின் நோடல் பாயின்ட் (கேமரா எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சுழல வேண்டுமோ அது) சரியாக அமையாததால் வந்த பிழை. அதை, கோஸ்டிங்கை நீக்கும் எந்த டிகோஸ்டிங் வசதியாலும் திருத்த முடியாது; ஹெட்டின் அளவுகளைத்தான் திருத்த வேண்டும்.

லைட்ரூம் மென்பொருளில் ஒரு திசையின் ஷாட்டுகளை ஒரே எச்டிஆர் படமாக இணைக்கும்போது டிகோஸ்ட் அளவைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தேர்ந்தெடுக்கலாம்; இலவச மென்பொருளான ஹகினிலும் தானியங்கி வழி உண்டு. தானியங்கி முறை பொதுவாகச் செய்வது இதுதான்: அசைவு தெரியும் பகுதியில் ஏதேனும் ஒரு ஷாட்டை மட்டும் நம்பி, மற்றவற்றை ஒதுக்கிவிடும். நம்பிய ஷாட் இருண்டதாக இருந்தால், அந்தப் பகுதி மட்டும் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான கரகரப்பு) நிறைந்து திட்டாகத் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல், அது ஒவ்வொரு திசையையும் தனித்தனியாகவே பார்க்கிறது என்பது. முதல் திசையில் ஒருவரை இடது பக்கம் நிற்பவராகவும், அடுத்த திசையில் அவரையே இரண்டு அடி தள்ளி நிற்பவராகவும் அது தேர்ந்தெடுக்கலாம். தனித்தனியே பார்த்தால் இரண்டு பிரேமும் சுத்தமாக இருக்கும். திசைகளை ஒன்றோடொன்று ஒட்டி ஸ்டிட்ச் செய்தபின் அவர் இரண்டு முறை தோன்றுவார், அல்லது இணைப்புக் கோட்டில் பாதியாக வெட்டுப்படுவார். கோஸ்டிங் என்பது ஷாட்டுகளுக்கு இடையிலும் திசைகளுக்கு இடையிலும் நிகழும் இரண்டு வெவ்வேறு குறைகள் என்பதை உணராமல் ஒரு பொத்தானை நம்புவதுதான், நான் பார்க்கும் பெரும்பாலான கெட்டுப்போன படங்களுக்குக் காரணம்.

ஆகவே இதைக் களத்திலேயே பெருமளவு தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் அனுபவம். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் மிக நீண்ட ஷாட்டும் 1/15 விநாடியில் முடியும். ரிமோட்டுடன் தொடர் ஷாட்டில் எடுத்தால் மொத்த நேரம் மேலும் குறையும். ஆட்கள் இருக்கும் திசையில் ஒரு தொகுதியுடன் நிறுத்தாமல், அவர்கள் நகர்ந்தபின் அதே திசையில் இன்னொரு தொகுதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் திசைக்கும் கடைசித் திசைக்கும் இடையில்தான் கால இடைவெளி மிக அதிகம் என்பதால், எதுவும் அசையாத கற்சுவரை நோக்கிச் சுற்றைத் தொடங்குவது நல்லது. 60 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் நிழல் நுனி, சூரியன் 45 டிகிரியில் இருக்கும்போது, நிமிடத்துக்கு அரை மீட்டர் வரை நகரக்கூடும். எனவே நிதானமும் ஓரளவுக்குத்தான்.

கோயில்களுக்கே உரிய ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். விமானத்துக்கும் மக்கள் வலம் வரும் பாதைக்கும் நடுவே கேமரா நின்றால், பாதையை நோக்கும் நமக்கு அவர்கள் இடமிருந்து வலமாகக் கடப்பார்கள். கேமராவையும் நாம் வலஞ்சுழியாகத் திருப்பினால், அதே குடும்பம் நம்முடனேயே நடந்து அடுத்தடுத்த பிரேம்களில் எல்லாம் வந்து நிற்கும். இடஞ்சுழியாகத் திருப்பினால் ஒருமுறை எதிர்ப்பட்டுக் கடந்துவிடுவார்கள். இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் எனக்குக் கணினி முன் பல மணி நேரம் மிச்சமாகியிருக்கிறது.

கணினியில் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே: கல்லுக்கு ஐந்து ஷாட்டும், மனிதருக்கு ஒரே ஷாட்டும். முகம் நன்றாகத் தெரியும் நடு ஷாட்டைத் தேர்ந்தெடுத்து, பிடிகுயி (PTGui) என்ற ஸ்டிட்ச் மென்பொருளில் அதில் உள்ளவரைப் பச்சை மாஸ்க்கால் காப்பாற்றி, மற்ற நான்கு ஷாட்டிலும் பக்கத்துத் திசைகளிலும் அவரைச் சிவப்பு மாஸ்க்கால் மறைக்கிறேன். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா ஃபைலாக இருந்தால் நிழலில் உள்ள முகத்தை 2 ஸ்டாப் வரை உயர்த்தினாலும் பெரும்பாலும் தாங்கும். வானத்துக்கும் காற்றில் ஆடும் இலைகளுக்கும் இதே விதிதான். விமானத்தைச் சுற்றிப் பறக்கும் கிளிகளைக் குறுகிய ஷாட் ஒன்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். திசைவாரியாக முன்கூட்டியே டோன் மேப்பிங் (எச்டிஆரின் வெளிச்ச வேறுபாட்டைத் திரையில் அடங்கும்படி சுருக்குவது) செய்துவிட்டு ஸ்டிட்ச் செய்வதைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு பிரேமும் தன் போக்கில் வெளுத்தும் கறுத்தும் போவதால் வானத்தில் பட்டைகள் விழும்.

படத்தை முழு அளவில் பெரிதாக்கிச் சரிபார்க்கும்போது முகங்களிலிருந்து தொடங்காமல் பாதங்களிலிருந்து தொடங்குங்கள். குறை முதலில் அங்கேதான் தெரியும். அதன்பின் நிழல்களைப் பாருங்கள். மாலை வெயிலில் ஆளைவிட நிழல் நீளமானது. ஆளை மட்டும் மறைத்துவிட்டு நிழலை விட்டிருந்தால், யாருமற்ற கல்தரையில் அது தனியாகக் கிடக்கும்.