நடுப்பார்வை கெட்டுப்போனவங்க கண்ண கொஞ்சம் விலக்கிப் பாக்குறதுக்கு இங்கிலீஷ்ல எக்சென்ட்ரிக் வியூயிங்னு பேரு. அப்படின்னா என்ன? தமிழ்ல எப்படி சொல்றது?

எக்சென்ட்ரிக்னு கேட்டதும் கிறுக்குத்தனமான ஆளுதான் ஞாபகம் வரும், ஆனா அது பின்னாடி ஒட்டிகிட்ட அர்த்தம். கிரேக்கத்துல 'எக்'னா வெளிய, 'கென்ட்ரான்'னா நடுப்புள்ளி, பழைய வானியல்ல பூமி நடுவுல இல்லாத வட்டத்துக்குத்தான் இந்தப் பேரு. (அந்த கென்ட்ரான்தான் சமஸ்கிருதத்துக்குப் போய் கேந்திரம் ஆச்சு, ஜாதகத்துல வர்ற அதே கேந்திரம்.)

கண் விஷயத்துல நடுப்புள்ளின்னா மாகுலா. விழித்திரைல 5 மில்லிமீட்டர் சொச்சம் அகலத்துல ஒரு இடம், லூட்டீன் மாதிரி நிறமி இருக்கறதால மஞ்சளா இருக்கும், அதனால தமிழ்ல மஞ்சள் புள்ளி. படிக்கிறதும் முகம் பாத்து ஆள கண்டுபிடிக்கிறதும் இதை நம்பித்தான். 1909ல ஜெர்மன் டாக்டர் கார்ல் ஸ்டார்கார்ட் விவரிச்ச ஸ்டார்கார்ட் நோய் (பெரும்பாலும் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் பழுதான ஏபிசிஏ4 ஜீன் வந்தா வர்றது), அப்புறம் பெஸ்ட் நோய், இந்த மாதிரி பரம்பரை வியாதிங்கள்ல நடு இடம் கெட்டுப்போகும், சுத்தி இருக்கற பகுதி பெரும்பாலும் தப்பிச்சிரும். அப்போ எதிர்ல நிக்கிற ஆள நேரா பாத்தா காது தெரியும், மூக்கும் வாயும் இருக்காது. கொஞ்சம் மேல பாத்தா அந்த மறைவும் மேல போயிரும், முகம் கீழ நல்ல பகுதில வந்து விழும். இதான் எக்சென்ட்ரிக் வியூயிங்.

நிறைய பேருக்கு மூளையே ஒரு நல்ல இடத்த தேடி புடிச்சிக்கும், சிலருக்கு பயிற்சி வேணும், எதிர்ல இருக்கற முகத்த சுத்தி கடிகாரம் இருக்கறதா நெனச்சி 12, 1, 2ன்னு ஒவ்வொரு மணியா பாக்கச் சொல்வாங்க, எந்த மணிய பாக்கும்போது நடுவுல முகம் தெளியுதோ அந்த பக்கம்தான் அவங்களுக்கு.

படிக்கிறதுதான் பெரிய பாடு. ஓரத்து விழித்திரைக்கு கூர்மை கம்மி, எழுத்த பெருசாக்கணும், பெருசாக்கினாலும் பக்கத்து எழுத்துங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி குழம்பும். நம்ம எழுத்துல இன்னொரு தொல்லை வேற, மறைவு வலது பக்கம் விழுந்தா 'கொடி'ல துணைக்கால் காணாம போய் 'கெடி'ன்னு நிக்கும், புள்ளி போச்சுன்னா 'பால்' 'பால'ன்னு ஆயிரும். அதனால சில பேர் கண்ண அசைக்காம ஒரே இடத்துல வெச்சிகிட்டு பேப்பர இடது பக்கமா மெதுவா நகத்தி படிப்பாங்க, ஸ்க்ரீன்ல எழுத்து ஓடுற மாதிரி வெச்சிக்கறதும் இதே கதைதான்.

தமிழ்ல? ஓரக்கண் பார்வைன்னு போட்டா திருட்டுத்தனமாவோ காதலாவோ பாக்குற மாதிரி ஆயிரும். மாறுகண் வேற பிரச்சனை. கணக்கு புத்தகத்துல எக்சென்ட்ரிசிட்டிக்கு மையத்தொலைத்தகவுன்னு இருக்கு, அத கண்ணுக்கு கொண்டுவந்தா வாய் சுளுக்கிக்கும். என்னோட ஓட்டு 'மையம் விலகிய பார்வை'க்கு, பேச்சுல 'விலக்கிப் பாக்குறது'ன்னாலே போதும்.

அப்புறம், உங்க தலைக்கு மேல பாத்துகிட்டு ஒருத்தர் பேசினா அவர் உங்களத்தான் பாக்குறார், அவர் பார்வை போற பக்கம் நகர்ந்து நிக்காதீங்க, நகர்ந்தா உங்க மூஞ்சி திரும்ப அந்த மறைவுக்குள்ள போயிரும்.