நீதி சொல்லும் காட்சிக்கு முந்தைய பத்து நொடி

"பிள்ளைக்கு நல்ல குணம் வர்ற மாதிரி ஒரு கார்ட்டூன் சொல்லுங்க மேடம்." குழந்தைகளுக்கான ஆலோசனை அறையில் இது வழக்கமான கேள்வி. பெயர் சொல்லலாம்தான். ஆனால் குறித்துக்கொண்டு போகிற பலரும் அதை ஓடவிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பகிர்ந்து விளையாடுவது பற்றிய கதையைப் பார்த்தால் பிள்ளையும் பகிர்ந்து விளையாடும் என்று ஒரு நம்பிக்கை. பார்த்து முடித்த கையோடு தங்கையின் பொம்மையைப் பிடுங்குகிறான் என்ற புகாரோடு மறுபடி வருவார்கள்.

பிள்ளையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நீதி சொல்லும் கார்ட்டூன்கள் கட்டப்படும் விதமே அப்படி. கதையின் பெரும்பகுதி சண்டை, பொறாமை, கேலி, ஒதுக்கிவைத்தல். கடைசி இரண்டு நிமிடத்தில் மன்னிப்பு, அணைப்பு, ஒரு பாட்டு. பெரியவர்கள் முடிவிலிருந்து திரும்பிப் பார்த்து முழுக்கதைக்கும் பொருள் கொள்கிறோம். நான்கு, ஐந்து வயதில் அது எளிதல்ல. சத்தமும் வேகமும் உள்ள இடங்கள்தான் மனதில் நிற்கும். 2006ல் ஜேமி ஓஸ்ட்ரோவும் சக ஆய்வாளர்களும் மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்தபோது, கல்வி நிகழ்ச்சிகளை அதிகம் பார்ப்பதற்கும் "உன்கூடச் சேரமாட்டேன் போ" என்ற வகை ஒதுக்கலுக்கும் தொடர்பு தெரிந்தது. அடிதடி இல்லாத நிகழ்ச்சி என்றால் கவலையில்லை என்று இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. 2008ல் மேரி-லூயிஸ் மாரெஸும் எமிலி அகோஸ்டாவும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் காட்டினார்கள். அதில் மூன்று காலுள்ள நாய் ஒன்று வருகிறது. மற்ற நாய்கள் முதலில் பயந்து விலகுகின்றன, பிறகு சேர்த்துக்கொள்கின்றன. மாற்றுத்திறன் உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பதே கதை சொல்ல வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் எடுத்துக்கொண்டதோ, மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதை. சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் தப்பாக எதுவும் சொல்லவில்லை. திரையில் இருந்ததைத்தான் சொன்னார்கள்.

அப்படியானால் கார்ட்டூனே வேண்டாமா? வேண்டும். என் வேலையில் அது இல்லாமல் முடியாது. நான் பயன்படுத்துவது கடைசியில் வரும் அந்த நீதிக் காட்சியை அல்ல. ஒரு பாத்திரம் தவறு செய்வதற்குச் சற்று முன்னால், முகம் மாறும் பத்து நொடி இருக்கிறதே, அதைத்தான்.

ஒரு முயல் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறது என்று வையுங்கள். ஓடிவந்த அணில் மோதிக் கோபுரம் சரிகிறது. முயலின் காது நிமிர்கிறது, புருவம் இறங்குகிறது. அங்கே நிறுத்துங்கள். "முயலுக்கு இப்ப உள்ளுக்குள்ள என்ன ஓடுது?" என்று கேளுங்கள். பிள்ளை "கோபம்" என்று சொல்லும். அதோடு விட்டுவிடாமல், "அணில் வேணும்னே தள்ளிச்சா?" என்று கேளுங்கள். இங்கேதான் நிறையத் தெரியவரும். சட்டென்று கைநீட்டும் பிள்ளைகள் பலர் "ஆமா, வேணும்னேதான்" என்பார்கள். நோக்கம் தெளிவாக இல்லாத செயலைப் பகையாகவே எடுத்துக்கொள்ளும் இந்தச் சாய்வை அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980லேயே முரட்டுத்தனம் மிகுந்த சிறுவர்களிடம் காட்டினார். அவர்களிடம் "அடிக்காதே" என்று எத்தனை முறை சொன்னாலும் பயன் குறைவு. அவர்கள் கணக்கில் முதல் அடி எதிராளியுடையது. தாங்கள் திருப்பிக் கொடுப்பதாகத்தான் நினைக்கிறார்கள்.

கார்ட்டூனில் பத்து நொடி பின்னே போகலாம். "அணிலோட கண்ணு எந்தப் பக்கம் பார்க்குது? வா, மறுபடி பார்ப்போம்." அணில் பின்னால் துரத்திவரும் நண்பனைப் பார்த்துக்கொண்டு ஓடிவந்ததைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். விளையாட்டுத் திடலில் நடக்கும் மோதலை இப்படிப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க முடியாது. அங்கே பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. இங்கே முயலுக்கும் அணிலுக்கும் நடுவில் நீதிபதி. தனக்குப் பொறாமை வந்தது என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத பிள்ளை, முயலுக்குப் பொறாமை என்று தயங்காமல் சொல்லும்.

ஒரு எபிசோடுக்கு இரண்டு நிறுத்தம் போதும். ஐந்தாறு முறை நிறுத்திக் கேள்வி கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும், ரிமோட்டைக் கண்டாலே பிள்ளை முகம் சுளிக்கும். "அடுத்து என்ன செய்யும்?", "அதுக்கு இது தெரியுமா, தெரியாதா?" என்பவை நல்ல கேள்விகள். "இது சரியா தப்பா?" என்பதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கேள்விக்கு நமக்குப் பிடித்த பதில் எது என்று மூன்று வயதிலேயே தெரிந்துவிடும். பேச்சின் பலன் ஆய்விலும் தெரிகிறது. எரிக் ராஸ்முசெனின் குழு 2016ல் வெளியிட்ட ஆய்வில், உணர்வுகளைப் பற்றிய ஒரு கார்ட்டூன் தொடரை இரண்டு வாரம் பார்த்த குழந்தைகளில், பார்ப்பதைப் பற்றிப் பெற்றோர் வழக்கமாகப் பேசும் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் பரிவு போன்ற திறன்கள் கூடியிருந்தன.

கார்ட்டூன் முகத்துக்கு ஒரு வசதி உண்டு, அதுவே அதன் குறையும் ஆகும். கோடுகள் குறைவு, உணர்வு பெரிது. கோபம் என்றால் காதில் புகை, அழுகை என்றால் அருவி. நம் வீட்டில் யாருக்கும் காதில் புகை வராது. திரையில் முகங்களைச் சரியாகச் சொல்லும் குழந்தை, அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பதைக் கவனிக்காமல் போகலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கலாம். ஆட்டிசம் ஆய்வாளர் சைமன் பேரன்-கோஹனின் குழு உருவாக்கிய ஒரு தொடரில் ரயிலுக்கும் டிராமுக்கும் உண்மையான மனித முகங்களைப் பொருத்தியதற்கு இதுதான் காரணம்: வண்டிகளை விரும்பும் குழந்தை, கூடவே மனித முகத்தையும் பார்க்கட்டும் என்று. வீட்டில் இதற்குக் கண்ணாடி ஒன்று போதும். "முயல் மாதிரிக் கோபப்படு. இப்ப நீ நிஜமா கோபப்பட்டா எப்படி இருப்பே, அதைக் காட்டு." இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதே பயிற்சி.

இதோடு ஒன்று. சில குழந்தைகள் கார்ட்டூன் வசனங்களையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதை நிறுத்தச் சொல்லி அதட்டுவதற்கு முன், எந்த வசனம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வெளியே கிளம்பும்போதெல்லாம் ஒரு பாத்திரம் பயந்து சொன்ன வரியைப் பிள்ளை சொன்னால், "எனக்குப் பயமா இருக்கு" என்பதன் கடன் வாங்கிய வடிவமாக அது இருக்கக்கூடும். "பயமா இருக்கா? நான் கூடவே வர்றேன்" என்று பதில் சொல்லிப் பாருங்கள்.

அழும் குழந்தையை அமைதிப்படுத்த கார்ட்டூன் போடுவதைப் பற்றிச் சுருக்கமாக. அழுகை நின்றுவிடும், உண்மை. தானே அடங்கப் பழகும் வாய்ப்பும் அதோடு போகும். கற்றுக்கொடுக்கும் நேரத்தையும் வாயடைக்கும் நேரத்தையும் ஒன்றாக்காதீர்கள். 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்குள் இருக்க வேண்டும், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும் சொன்னது. நான் சொல்லும் இரண்டு நிறுத்தத்துக்கு ஒரே எபிசோடு போதும். அதையே பிள்ளை மறுநாளும் கேட்டால் இன்னும் நல்லது. கதை தெரிந்த பிறகுதான் முகங்களைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

திரை இல்லாமலும் கார்ட்டூன் உண்டு. அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1994ல் முன்வைத்த முறை இது. நடந்த சம்பவத்தைக் குழந்தையோடு உட்கார்ந்து படக்கதையாக வரைவது. குச்சி மனிதர்கள் போதும், ஓவியம் தெரிய வேண்டியதில்லை. வாயிலிருந்து பேச்சுக் குமிழி, தலைக்கு மேல் எண்ணக் குமிழி. கோபத்துக்குச் சிவப்பு, சோகத்துக்கு நீலம், நட்புக்குப் பச்சை என்று அவர் நிறங்களும் வகுத்தார். நான் நிறத்தைக் குழந்தையிடமே விட்டுவிடுவேன்.

ஏழு வயதுப் பையன் ஒருவன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்), விளையாட்டில் தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிடுவான். நான்கு கட்டம் வரைந்தோம். அவன் தலைக்கு மேலுள்ள குமிழியை மளமளவென்று நிரப்பினான்: "அவன் ஏமாத்துறான்." எதிரில் உட்கார்ந்திருந்த நண்பனின் குமிழியில் எழுத எதுவும் வரவில்லை. நண்பனுக்கும் அந்த நேரத்தில் ஓர் எண்ணம் இருந்திருக்கும் என்பது அவனுக்குப் புதிய செய்தி. அடுத்த வாரம் நண்பனிடமே கேட்டுவந்து எழுதினான்: "இவன்கூட இனிமே எப்படி விளையாடுறது?" மூன்றாவது கட்டத்தை, பலகை கவிழும் முன் அவன் என்ன சொல்லியிருக்கலாம் என்று வேறு தாளில் மாற்றி வரைந்தான். பிறகும் சில முறை பலகை கவிழ்ந்தது. ஆனால் அவன் கை பலகைக்குப் போகும்போதே அம்மா "மூணாவது கட்டம்" என்றால் நிற்கத் தொடங்கினான்.

வீட்டில் செய்வதானால் சண்டை ஆறிய பிறகு வரையுங்கள்; அழுதுகொண்டிருக்கும் பிள்ளை கையில் பென்சிலைத் திணிக்க வேண்டாம். எதிராளியின் குமிழியை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள், காலியாக இருந்தாலும் பரவாயில்லை. வரைந்த தாள் பிள்ளையுடையது. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், வந்தவர்களிடம் எடுத்துக் காட்டுவதும் கூடாது. ஒருமுறை அப்படி நடந்தால், அடுத்த படக்கதையில் எல்லாக் குமிழியிலும் "சந்தோஷம்" என்றே எழுதியிருக்கும்.